மூன்றாந்தடவை கூப்பிடுகிறவன்

பதுளை ரயில் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஆளை ஏற்றுவார்கள், இறக்குவார்கள், வாடகை வாங்குவார்கள். முருகையா மட்டும் அதோடு புத்திமதியும் கொடுப்பான். யாரும் கேட்கவே வேண்டாம், தானாகக் கொட்டும். ரயிலை விட்டு இறங்குகிற வெள்ளைக்காரர்கள் முதுகில் ஆளுயர மூட்டையும் கையில் போனுமாகத் திருதிருவென்று நிற்பார்கள் அல்லவா, அந்த நேரத்தில் எவன் வாயைத் திறந்தாலும் அவர்களுக்கு வேதவாக்குத்தான். முருகையாவுக்கு அது போதும்.

"மேடம், குழாய்த் தண்ணி குடிக்கவே கூடாது. போத்தல் வாங்கினா மூடிய முறுக்கிப் பாருங்க, ஏற்கனவே தொறந்திருந்தா தூக்கிப் போடுங்க. தேயிலை மலைக்குள்ள எறங்கினா காலுல சவுக்காரம் தேய்ச்சுக்குங்க, அட்டை ஏறாது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி போட்டோ புடிக்காதீங்க. ரயில் கதவுல தொங்காதீங்க. பசறை பஸ்ஸுல பின் சீட்டுல உக்காராதீங்க, குடல் வாய்க்கு வந்துரும்."

இதையெல்லாம் அவன் இங்கிலீஷில்தான் சொல்லுவான். அவனுடைய இங்கிலீஷ் கொங்கிரீட் காணாத தோட்டத்து ரோடு மாதிரி. ஆட்டம் அதிகம், ஆனால் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்த்துவிடும். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் கிடையாது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அவன் பேச்சைக் கேட்டதால் வயிற்றோட்டம் வராமல் தப்பித்த சீமைக்காரர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக ஒன்றை வைத்திருப்பான். ஆட்டோவை ஓரங்கட்டி, திரும்பி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தித்தான் அதைச் சொல்லுவான்.

"யாராவது வந்து, 'எங்க வீட்டுக்கு வாங்க, தேத்தண்ணி குடிங்க'ன்னு கூப்புடுவான். போயிறாதீங்க. 'இன்னைக்கு வீட்டுல விசேஷம்'னு சொல்லுவான். அவன் வீட்டுல தெனமும் விசேஷந்தான். ஒரு தடவ கூப்புட்டா மரியாதைக்குக் கூப்புடுறான். ரெண்டு தடவ கூப்புட்டா வேல வெட்டி இல்லாதவன். மூணாந்தடவயும் கூப்புட்டா அவன் கள்ளன்! 'நோ தேங்க் யூ'ன்னு சத்தமா சொல்லிட்டு, கண்ணுக்குத் தெரியிற மொத பஸ்ஸுல ஏறிருங்க."

இந்த அம்பு யாருக்கு என்று ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும். அதே வரிசையில் ஆட்டோ போட்டிருக்கிற வீரசிங்கத்துக்கு. அவன் ஏற்றுகிற வெள்ளைக்காரர்களை வீட்டுக்குக் கூட்டிப்போவான். அவன் பெண்சாதி பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பாள். குடித்து முடிக்கிறதுக்குள் அலுமாரி திறக்கும். உள்ளே கறுவாப்பட்டை, மூட்டுவலி எண்ணெய், நீலக்கல் என்று சொல்லப்படுகிற கண்ணாடித் துண்டு. வெறுங்கையோடு வெளியே வந்தவர் யாருமில்லை. முருகையாவுக்கு வயிறு எரிந்தது. எரிச்சலில் பிறந்த புத்திமதிதான் என்றாலும் அவன் அதைத் தர்மம் என்று நம்பினான்.

ஊருக்கு உபதேசம் இப்படி நடந்துகொண்டிருக்க, வீட்டில் வேறு கதை.

முருகையாவின் வீடு பசறையைத் தாண்டி, லுணுகலை ரோட்டில் ஒரு தோட்டத்தில். பெண்சாதி பெரியாயி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அவளுக்கு, விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்கத் தெரிந்த வயதிலிருந்து ஒரே மலை, ஒரே கூடை. அந்த மலை மெயின் ரோட்டோரத்தில் இருந்தது. அதனால் வந்த வினை ஒன்று உண்டு.

"வேன நிப்பாட்டுறாளுங்க, எறங்குறாளுங்க, சிரிக்கச் சொல்றாளுங்க, போட்டோ புடிக்கிறாளுங்க, போயிறாளுங்க. எம் மூஞ்சி எத்தன நாட்டுல கெடக்குதோ தெரியல. ஒருத்தியாச்சும் எங் கையால ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிருக்காளா? நான் பறிச்ச கொழுந்துதானே அது? நீங்களுந்தான் தெனம் ஏத்திக்கிட்டுச் சுத்துறீங்க, ஒரு நாளைக்கு ஒருத்திய வீட்டுக்குக் கூட்டியாந்தா என்ன?"

இதை அவள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முருகையாவும் அத்தனை வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவங்க வயிறு வேற மாதிரி புள்ள. நம்ம தண்ணி ஒத்துக்காது."

பெரியாயி அதை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் பரிதாபமும் பட்டாள். இவ்வளவு தூரம் பிளேனில் வந்து, தேயிலைக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடிக்க முடியாத வயிற்றோடு திரும்பிப் போகிறார்களே, பாவிகள்.

இந்த வருஷம் அவர்களுக்குத் தனி வீடு கிடைத்தது. வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து ஒற்றைக் காம்பிராவை விட்டு, இரண்டு அறை, ஒரு முன்கூடம், தரைக்குச் சிவப்புச் சீமெந்து. பால் காய்ச்ச நாள் குறித்ததும் பெரியாயி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவ சாக்குச் சொல்லாதீங்க. பந்தி அன்னைக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வரணும். எங் கூடத்துல உக்காந்து ஒரு கிளாஸ் குடிக்கணும். எனக்குச் சேல வேணாம், தோடு வேணாம். இது ஒண்ணுதான்."

"ஒண்ணு என்ன, ரெண்டு பேரக் கூட்டியாறேன்!" என்றான் முருகையா. வாய் இருக்கிறதே, அதற்கு முதல் வைக்க வேண்டியதில்லை.

அவள் அன்று மாலைக்குள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் மலையில் அதுதான் பேச்சு. "பெரியாயி வீட்டுக்கு வெள்ளைக்காரி வாறாளாம்!" என்றவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாதவர்கள்தான் கட்டாயம் வந்துவிடுவதாகச் சொன்னார்கள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி, பால் காய்ச்சுகிறதற்கு முந்திய நாள் ஹெல்கா அம்மா ரயிலிலிருந்து இறங்கினார். ஜெர்மனியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரை, நிமிர்ந்த நடை, கையில் ஒரு துணிப்பை. முருகையா சொன்ன புத்திமதி அத்தனையையும் ஒன்று விடாமல் திரும்ப ஒப்பித்துக் காட்டினார். மூன்றாந்தடவைக் கள்ளனை இரண்டு தரம் ஒப்பித்தார். முருகையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மாணவி கிடைத்ததில்லை.

"நாளைக்குப் பசறைக்கு அந்தாண்ட தேயிலை மலை பார்க்க வேண்டும், உங்களோடுதான் வருவேன். உங்களைத்தான் நம்பலாம்" என்றார் ஹெல்கா.

மறுநாள் விடியலில் வீட்டில் பால் பொங்கியது. முருகையா கும்பிட்டுவிட்டு, ஆட்டோவின் முன்னால் ஒரு மாலையைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு ஓடினான். விஷயத்தைப் பசறை நெருங்குகிற வரைக்கும் சொல்லாமல் வைத்து, திடீரென்று சொல்லிச் சந்தோஷப்படுத்துவது என்று திட்டம். கூறுகெட்ட மனுஷன்!

பசறைக்கு முன்னால் உள்ள வளைவில் வாயைத் திறந்தான்.

"மேடம், இன்னைக்கு எங்க வீட்டுல விசேஷம். புது வீடு. வீட்டுக்கு வாங்க, தேத்தண்ணி குடிங்க."

பின்னால் ஹெல்கா சிரித்தார். டீச்சர் அல்லவா, இது பரீட்சை என்று நினைத்துவிட்டார்.

"நோ தேங்க் யூ."

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் விருந்துக்குக் கூப்பிட்டதும் "சரி, வாறேன்" என்று உடனே கிளம்புகிறவன் மனுஷனா? அவனை அடுத்த தடவை யார் கூப்பிடுவார்கள்? "ஐயோ, எதுக்குங்க, வேணாங்க" என்று ஒரு தரம் சொல்ல வேண்டும். கூப்பிட்டவர் விடக் கூடாது. இன்னொரு தரம் "இப்பத்தாங்க சாப்பிட்டேன்" என்று பொய் சொல்ல வேண்டும். அதற்கும் விடக் கூடாது. அப்புறந்தான் வருகிறவர் வருவார். முருகையாவும் பிறந்ததிலிருந்து இதில் ஊறினவன். ஊருக்குப் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம், தன் வீட்டு விருந்து என்றதும் மறந்து போயிற்று. ஹெல்காவின் "நோ தேங்க் யூ" அவன் காதில் "எதுக்குங்க, வேணாங்க" என்றுதான் விழுந்தது. ஆகா, என்ன மரியாதை தெரிந்த அம்மா!

"அப்பிடிச் சொல்லப்படாது மேடம்! எம் பெஞ்சாதி காத்துக்கிட்டு இருக்கா. ஊரே காத்துக்கிட்டு இருக்கு. வரத்தான் வேணும்."

இப்போது ஹெல்கா சிரிக்கவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் முருகையா, வண்டியை நிறுத்துங்கள்."

பசறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். ஹெல்கா இறங்கினார். முருகையாவும் குதித்து இறங்கி, வாயெல்லாம் பல்லாக, மூன்றாந்தடவையும் கூப்பிட்டான்.

"வாங்க மேடம், ஒரே ஒரு கிளாஸ்! இங்கருந்து கிட்டத்துலதான்!"

கூப்பிட்டதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. விருந்தாளி கிளம்பப் பார்த்தால் கையிலிருக்கிற பையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது நம் வழக்கம். பை இல்லாமல் எங்கே போய்விடுவார்? பாசத்தின் உச்சம் அது. முருகையா பாசத்தின் உச்சத்துக்குப் போய், துணிப்பையைப் பிடுங்கினான்.

"நோ! தேங்க்! யூ!"

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைத்த குரல் அது. பஸ் நிலையம் அப்படியே நின்றது. வடை பொரித்துக்கொண்டிருந்தவன் கரண்டியைத் தூக்கியபடி பார்த்தான். ஹெல்கா ஒரு வெட்டில் பையைப் பறித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்த முதல் பஸ்ஸில் ஏறினார். அது எங்கே போகிற பஸ் என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி முருகையா சொல்லிக்கொடுக்கவில்லையே.

முருகையா பின்னால் ஓட, அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "என்னடா, வயசான பொம்பளக்கிட்ட பேக் புடுங்குறியா?" என்று ஒருவன் காலரைப் பிடித்தான். நல்ல வேளை, கடை வாசலிலிருந்து ஜாபிர் நானா இறங்கி வந்தார். செருப்புக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், முருகையாவைத் தெரிந்தவர்.

"விடுங்க, விடுங்க, நம்ம ஆள்தான். என்ன முருகையா இது?"

"விருந்துக்குத்தான் கூப்புட்டேன் நானா! சத்தியமா! புது வீடு!"

"விருந்துக்குக் கூப்புடுறதெண்டா ஏன் பேக்க புடுங்கின?"

அதற்குள் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. முருகையா ஆட்டோவை நோக்கிப் பாய்ந்தான். ஜாபிர் நானா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பஸ்ஸுக்குப் பின்னால போனியெண்டா பொலிஸ்ல போய்த்தான் நிப்பாய். மாலை கட்டின வண்டில வெரட்டிக்கிட்டுப் போறவன லேசா அடையாளம் சொல்லலாம்."

நியாயந்தான். ஆனால் வீட்டில் பெரியாயி? பந்திக்கு இலை போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாளே! நம்பாதவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்களே! முருகையா உண்மையாகவே பயந்துபோனான். அவள் அழுதால் பார்த்துக்கொள்ளலாம், திட்டினால் கேட்டுக்கொள்ளலாம். இரண்டுமில்லாமல் "பரவாயில்ல, அவங்க வயித்துக்கு ஒத்துக்காதுல்ல" என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

வேறு வெள்ளைக்காரர் யாராவது கிடைக்க மாட்டார்களா என்று பசறைக் கடைத்தெருவைச் சுற்றினான். கடவுள் கண்ணைத் திறந்தார். பழக்கடை வாசலில் ஒரு வாலிபனும் பெண்ணும், தோல் உரிக்கிற பழமா என்று பார்த்துப் பார்த்து வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முருகையாவைக் கண்டதும் இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. போன கிழமை அவன் ஆட்டோவில் வந்தவர்கள்.

"முருகையா!"

"வாங்க, எங்க வீட்டுல விசேஷம்! தேத்தண்ணி குடிக்க வாங்க!" என்று மூச்சு வாங்கினான் முருகையா.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமாக விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நாங்கள் ஒன்றையும் மறக்கவில்லை! நோ தேங்க் யூ!" என்று சேர்ந்து சொல்லி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த நுணல் இங்கிலீஷில் வேறு கத்தி வைத்திருக்கிறது.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முருகையா வீட்டுக்குப் புறப்பட்டான். வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் பண்ணினான். வெள்ளைக்காரம்மாவுக்குக் காய்ச்சல். இல்லை, எம்பஸியிலிருந்து போன் வந்து அவசரமாகப் போய்விட்டார். காய்ச்சலே நல்லது, காய்ச்சலுக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை.

தோட்டத்துச் சந்தியில் திரும்பி மேலே ஏறும்போதே ஸ்பீக்கர் பாட்டும் ஆரவாரமும் கேட்டன. வாழைமரம் கட்டிய வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. காய்ச்சல், காய்ச்சல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே படியேறினவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் வீட்டுக் கூடத்தில், அவன் வாங்கிப் போட்ட புதுப் பிளாஸ்டிக் கதிரையில், ஹெல்கா அம்மா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனம். கையில் கிளாஸ். கிளாஸில் இஞ்சி போட்ட தேத்தண்ணி பாதி.

முருகையா அவரைப் பார்த்தான். அவர் முருகையாவைப் பார்த்தார். அடுத்த கணம் ஹெல்கா கிளாஸை வைத்துவிட்டுத் துள்ளி எழுந்து, வாசலுக்குக் குறுக்கே வந்து, இரண்டு கையையும் விரித்து நிலையை மறித்துக்கொண்டார்.

"இவன்தான்! இந்த ஆளை உள்ளே விடாதீர்கள்! இவன் கள்ளன்!"

வீட்டுக்காரன் வெளியே, விருந்தாளி காவல். பந்தியில் இருந்தவர்கள் சோற்றில் கை வைத்தபடி பார்த்தார்கள். பெரியாயிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவள் பூரித்துப்போய் நின்றாள்.

"வாங்க, வாங்க! பாத்தீங்களா, உங்களக் கண்டதும் எந்திரிச்சு வரவேற்கிறாங்க! நல்ல காரியம் பண்ணுனீங்க, பஸ்ஸுல ஏத்தி அனுப்பிவிட்டீங்க. நான் சந்தியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். லுணுகலை பஸ் நின்னுச்சு, இந்தம்மா சொப்பிங் பேக்க வாயில வச்சு ஓங்கரிச்சுக்கிட்டு தள்ளாடி எறங்குச்சு. வளைவு தாங்கல பாவம். நான் ஒண்ணும் கேக்கல, பேசல. கையப் புடிச்சேன், கூட்டியாந்தேன், மொகத்தக் கழுவிவிட்டேன், இஞ்சி தட்டிப் போட்டுக் குடுத்தேன். போட்டோ புடிக்கணும்னு போன எடுத்தாங்க, 'மொதல்ல குடி தாயி'ன்னேன். இது ரெண்டாவது கிளாஸ்!"

முருகையாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் அவர்கள் மகள் சுபாஜினி உள்ளேயிருந்து வந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதினவள், நல்ல இங்கிலீஷ். ஹெல்காவின் தோளைத் தொட்டு, இது தன் அப்பா, இது அவருடைய புது வீடு, இன்றைக்குத்தான் பால் காய்ச்சினோம் என்று எடுத்துச் சொன்னாள்.

ஹெல்கா முருகையாவைப் பார்த்தார், ஆட்டோவில் கட்டிய மாலையைப் பார்த்தார், வாழைமரத்தைப் பார்த்தார். விரித்த கைகள் மெல்ல இறங்கின. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். சிரித்துக்கொண்டே சுபாஜினியிடம் வேகவேகமாக ஏதோ சொன்னார்.

"என்னாடி சொல்லுது? எனக்குஞ் சொல்லு" என்றாள் பெரியாயி.

சுபாஜினியும் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "அப்பா பேச்சக் கேட்டதுனாலதான் அப்பா வீட்டுக்கு வரமாட்டேன்னாங்களாம்மா! யாரு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போய்த் தேத்தண்ணி குடிக்காதீங்கன்னு அப்பாதான் சொல்லிக்குடுத்தாராம். ஏத்துற எல்லாருக்குமே சொல்லுவாராம்!"

பந்தி முழுக்கச் சிரித்தது. பெரியாயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நின்றுவிட்டாள்.

"எல்லாருக்குமா?"

முருகையா வாசற்படியில் ஒரு கால், முற்றத்தில் ஒரு காலாக நின்றான். "அது இந்த வீரசிங்கம் மாதிரி ஆளுங்க இருக்கானுங்கள்ல புள்ள, அதுக்காக..."

"அப்ப வீரசிங்கம் வீட்டுக்குப் போகாதீங்கன்னு சொல்றது. யாரு வீட்டுக்குமேன்னு எதுக்குச் சொன்னீங்க?"

ரயிலை விட்டு இறங்குகிறவனுக்கெல்லாம் பதில் வைத்திருந்தவன் செருப்பைக் கழற்றினான்.

"வயிறு ஒத்துக்காதுன்னீங்க. ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு இந்தா நிக்கிறாங்க, ஒண்ணும் ஆகல." அவள் குரல் உயரவில்லை. "லயத்துக்குள்ள கூட்டியாற வெக்கம். அவ்வளவுதானே?"

முருகையா தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம் என்று சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஓட்டைக் கூரையும் கரி பிடித்த சுவரும், பத்துக்குப் பத்துக் காம்பிராவும், வாசலில் ஓடுகிற சாக்கடைக் கானும் அவன் கண்ணில் வந்து போயின. அவற்றை ஒருத்தரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் ஊரில் இருக்கிற அத்தனை வீட்டு வாசலையும் சேர்த்துச் சாத்தி வைத்திருந்தான்.

"லயத்துல போட்டாலும் தேத்தண்ணி இதே தேத்தண்ணிதானய்யா" என்றாள் பெரியாயி.

ஹெல்காவுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. அவர் மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினார். பெரியாயி கேத்தலை எடுத்து மூன்றாவது தடவையும் நிறைய ஊற்றிக் கொடுத்து, அவர் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகையாவுக்கு அவள் ஊற்றவில்லை. அவனும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே அடுப்படிக்குப் போய், கேத்தலில் மிச்சமிருந்ததை ஊற்றிக் குடித்தான். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.